கால் ஊன்றாமல்

போலியோவில் கால் சூம்பிய குழந்தைகளுக்கு உதவ, எண்பத்தேழில் ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடாகியிருந்தது. திருப்பூரில் கிளம்பி, பெருமாநல்லூர் தாண்டி ஒரு கரட்டின் மேலிருக்கும் கோயில் வாசலில் முடியும். கரட்டுப் பாதை முழுக்கக் கருங்கல் பாவியது. நிமிர்ந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் ஏற்றம். அதில் கால் ஊன்றாமல் மேலே வந்து சேர்ந்தால், ஓட்டுகிறவர் சொல்லும் குழந்தைக்கு, ஊன்றி நடக்கக் கம்பி பூட்டிய ஷூ. எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ! கொடுப்பதைச் சும்மா கொடுத்தால் ஆகாதா என்று எனக்கு அன்றே எரிச்சல்.

எங்கள் மண்ணரை கம்பெனியில் காசிமாயன் மட்டும் பெயர் கொடுத்தான். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். பனியன் துணி மூட்டைகளைச் சைக்கிளில் கட்டிச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவது அவன் வேலை. மகள் ஒச்சாயிக்கு ஒன்பது வயது. இரண்டு காலும் விளங்காது. நடந்து வருகிற மாதிரி இருந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வேலை முடிந்ததும் கரட்டுக்குப் போய்ப் பழகினான், கேரியரில் மூட்டையோடு.

"அதை எறக்கி வச்சுட்டு ஒருக்கா ஓட்டிப் பாரப்பா" என்றேன்.

"மூட்டையோடவே ஏறிட்டா, வெறும் வண்டி பறக்காதாண்ணே?"

பாரம் இழுத்தே பழகியவர்களின் நியாயம் அது. யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

பயண நாளான ஞாயிற்றுக்கிழமை வெறும் சைக்கிளில் வந்தான். கரடு வரைக்கும் அவன்தான் முதல். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தான். பாரமில்லாத பின்சக்கரம் வழுவழுத்த கல்லில் பிடிப்பில்லாமல் அதே இடத்தில் சுழன்றது. காலை ஊன்றிவிட்டான். கீழே போய் மறுபடி வந்தான், மறுபடியும் வழுக்கியது. டவுசர் போட்ட மில்காரர்கள் கியர் சைக்கிளில் அவனைத் தாண்டிப் போனார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை.

"மத்தியானம் வரைக்கும் நேரமிருக்குதுங்க, எத்தனை தடவை வேணாலும் ஏறலாமுங்க!" என்று நடுவர் ஆத்தப்பன் உச்சியிலிருந்து கத்தினார்.

காசிமாயன் கீழே இறங்கினான். வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவி சின்னத்தாயின் மடியிலிருந்து ஒச்சாயியைத் தூக்கினான். கேரியரில் உட்காரவைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினான்.

"அப்பனைக் கெட்டியாப் பிடிச்சுக்க, ஆத்தா."

இப்போது சக்கரம் கல்லைப் பிடித்தது. மெதுவாக, உருளுகிறதா நிற்கிறதா என்று சந்தேகப்படும்படி ஏறினான். கோயில் வாசலுக்குள் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

ஆத்தப்பன் தலையைச் சொறிந்தார். ஒரு சைக்கிளில் இருவர் வருவதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் கடமையில் குறை வைக்காதவர்.

"நீங்க ஊனலீங்க, நானே பாத்தனுங்க. பாப்பா எங்கியாச்சும் காலை ஊனுச்சுங்களா?"

காசிமாயன் துண்டை அவிழ்க்காமலே அவரைப் பார்த்தான்.

"அவளுக்கு ஊன முடிஞ்சா நான் எதுக்குய்யா ஏறப்போறேன்?"