நான்காம் அத்தியாயத்தின் முதல் பத்தி

வீட்டில் அவளுக்கு "டாக்டர்" என்று பெயர் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. வைத்தவர் அத்தான். அக்கா புருஷன் என்ற பதவிக்குரிய சலுகைகளில் ஒன்றைக்கூட வீணாக்காத மனிதர். "டாக்டர், சமையலறைக் குழாய் ஒழுகுது, கொஞ்சம் பாருங்க" என்பார். டாக்டரும் போய்ப் பார்ப்பாள். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுத வேண்டிய நேரத்தில் ஒழுகுகிற குழாய் அமைவதற்கெல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டின் தலைப்பு 'பொது இடங்களில் காத்திருத்தல்'. மருத்துவமனை, வங்கி, ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகம் என்று, எங்கெல்லாம் மனிதர்களை உட்கார வைத்துவிட்டு மறந்துபோகிறார்களோ அங்கெல்லாம் போய், நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் "எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் போய் உட்கார்ந்த இடம் அவளுக்கு நெறியாளரான பேராசிரியரின் அறை வாசலில் கிடந்த பெஞ்சு. அதில் அவள் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அதற்கே தனியாக ஒரு பட்டம் தரலாம்.

பின்னல் வேலை கற்றுக்கொண்டது அந்த பெஞ்சில்தான். முதல் வருடம் ஒரு கம்பளிக் குல்லாய், அப்புறம் ஸ்வெட்டர்கள். ஆய்வேடு முடிகிற கட்டத்துக்கு வந்ததும் பொழுதுபோக்குகள் குட்டி போட ஆரம்பித்தன. தொட்டிச் செடி வளர்த்தாள், ரொட்டி சுட்டாள், பழைய கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தன் மகளுக்காகப் பின்னப்பட்ட ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. தலை மட்டும் எந்த வழியா உள்ள போகும்?" என்று கேட்டாள். டாக்டர் கழுத்தைப் பிரித்து மறுபடி பின்னினாள். அதில் ஒரு வாரம் நிம்மதியாகப் போனது.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. நான்காம் அத்தியாயம் பேராசிரியரிடமிருந்து திரும்பியது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் பதிவு செய்து ஏழு வருடம் முடிகிறது. அதற்குள் அவர் கையெழுத்தோடு ஆய்வேடு அலுவலகத்துக்குப் போகாவிட்டால் பதிவு காலாவதி. மறுபடி நுழைவுத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும், இருபத்தொரு வயதுப் பிள்ளைகளோடு.

மற்ற அத்தியாயங்களுக்கெல்லாம் அவர் சம்மதம் கிடைத்துவிட்டது. இதில் முதல் பத்தியைச் சுற்றி மட்டும் பச்சை மையில் ஒரு பெரிய வட்டம். பக்கத்தில் அவருடைய சாய்ந்த எழுத்து: 'மேலோட்டம். வார்த்தை ஜாலம். இதை எழுதியவருக்குத் துறையின் அரிச்சுவடியே தெரியவில்லை.'

அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அரிச்சுவடி தெரியாது என்றால் அழாமல் என்ன செய்வாள்? அழுது முடித்துவிட்டு, ஒரு பாவமும் அறியாத செடி ஒன்றைத் தொட்டி மாற்றினாள்.

வியாழக்கிழமை காலையில், பழைய பிரதிகளில் ஏதாவது தேறுமா என்று கட்டிலுக்கடியில் இருந்த காகிதக் கட்டுகளை இழுத்துப் போட்டாள். பேராசிரியர் கணினியில் திருத்த மாட்டார். அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் ஓரத்தில் எழுதித் தருவதைச் சீடர்கள் அப்படியே தட்டச்சு செய்துகொள்ள வேண்டும். துறையில் அதுதான் வழக்கம். இப்படித் திரும்பி வந்த கட்டுகள் பதினொன்று இருந்தன. அக்கா பெருக்க வரும்போதெல்லாம் அவற்றை ஒருமுறை வசைபாடாமல் போனதில்லை.

ஆறாவது கட்டைப் பிரித்தபோது கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய நான்காம் அத்தியாயம். அவள் எழுதியிருந்த முதல் பத்தியைக் குறுக்கே அடித்துவிட்டு, ஓரத்தில் பத்து வரி பச்சை மையில் எழுதியிருந்தார். கீழே ஒரு கட்டளை: 'இதை அப்படியே சேர்.' அப்படியே சேர்த்திருந்தாள். துறையின் அரிச்சுவடி தெரியாத அந்த மேதையின் பத்து வரி, ஒரு காற்புள்ளி பிசகாமல், நேற்று வட்டம் போடப்பட்ட அதே பத்து வரி.

அவள் கடைக்குப் போய் அக்காவிடம் காட்டினாள். அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படித்தாள், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"கொண்டு போய் அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டு."

"நீட்டலாம். கையெழுத்து யாரு போடுவாங்க அக்கா?"

"அதுவும் சரிதான். காரியம் ஆகணும்னா கழுதை காலையும் பிடிக்கணும். நீ ஏழு வருஷமா பிடிச்சுட்டு இருக்க, இன்னும் ஒரு நாள் பிடி."

அவர் அடித்துவிட்டிருந்த தன்னுடைய பழைய பத்தியை அவள் படித்துப் பார்த்தாள். 'வரிசை நீளமாக இருப்பதால் மட்டும் மனிதர்கள் காத்திருப்பதில்லை. ஏன் என்று கேட்கலாம் என்பதே தோன்றாததால் காத்திருக்கிறார்கள்' என்று அது தொடங்கியது. மோசமில்லை என்று பட்டது. ஒரு எழுத்துகூட மாற்றாமல் அதையே திரும்பச் சேர்த்து அச்செடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றே முக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பத்தியைப் படித்தார், இன்னொரு முறை படித்தார்.

"இப்பதான்மா உனக்கு எழுத வந்திருக்கு. ரெண்டு வருஷமா தொண்டை கிழிய நான் சொல்லிட்டு இருந்தது இதைத்தான்."

"சரிங்க சார்."

பேனாவைத் திறந்தார். படிவத்தின் மேல் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"ஒரு சந்தேகம். முன்னாடி இருந்த பத்தி உன் நடையே இல்லையே. எங்கிருந்து எடுத்த?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் இவர்தான், பூசாரியும் இவர்தான்.

"அதைத்தான் எடுத்துட்டேனே சார்."

"அது இல்ல விஷயம். ஒரு பத்தியைத் திருடினவங்க பத்துப் பத்தி திருடியிருக்கலாம். உண்மையைச் சொல்லு. தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது."

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. திருடவில்லை என்று சொன்னால் நம்பப் போவதில்லை. திருடினேன் என்று சொன்னால் எல்லாம் அதோடு முடிந்தது.

"அது ஒரு பெரிய அறிஞர் எழுதினது சார்."

"பெரிய அறிஞரா? இந்த லட்சணத்துலயா? யார் அது?"

"வேண்டாம் சார்."

"பேரைச் சொல்லும்மா."

அவள் பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். பச்சை மை, சாய்ந்த எழுத்து, 'இதை அப்படியே சேர்'. தலையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

"என் எழுத்துதான்" என்றார். பிறகு அடித்திருந்த பத்தியைப் படித்துவிட்டு, "நீ எழுதினது இதைவிட நல்லா இருந்திருக்கே. நான் அடிச்சப்போ ஏன்னு கேட்டியா?" என்றார்.

"இல்ல சார்."

"ஏன் கேக்கல?"

வெட்கம் இல்லாமல் கேட்கிறாரே என்று அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. முன்பின் தெரியாத நானூற்றுப் பன்னிரண்டு பேரை வழிமறித்துக் கேள்வி கேட்டவளுக்கு, இந்த ஒரு ஆளிடம் கேட்க வாய் வரவில்லை. ஏழு வருடத்தில் இந்த மனிதர் சொன்ன ஒரே உருப்படியான கருத்து இது. அதையும் அவருடைய தப்பை அவள் கண்டுபிடித்த பிறகுதான் சொல்கிறார். அவளுக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்தது பெரிதாக இருந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் துறையின் கலைச்சொல் பட்டியலில் இல்லாததால் அது மட்டும் வரவில்லை. அந்தப் பழைய தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"இல்ல சார், எனக்கு வேணும்" என்று அவள் கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார்.

அலுவலகம் கீழ்த்தளத்தில். நாலேகாலுக்கு அவள் போனபோது கவுண்டரில் வேறு யாரும் இல்லை. எழுத்தர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "போய் உட்காருங்க, கூப்பிடுறோம்" என்றார்.

கால்கள் பழக்கதோஷத்தில் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டன. அவள் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எதுக்குங்க உட்காரணும்?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. காரணம் ஒன்று எங்காவது இருக்கும் என்று மேசையை ஒரு முறை பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.