பினிங் அக்கா கடையில் ஒருவன் இருக்கிறான்

1

இறந்தவர் நம் பின்னாலேயே வீட்டுக்கு வராமல் இருக்க ஆகும் செலவு முப்பத்தைந்து பெசோ. முட்டை சேர்த்தால் ஐம்பது. பினிங் அக்கா கடையில் ஒரு கிண்ணம் கோழிக் கஞ்சியின் விலை அது.

துக்க வீட்டிலிருந்தோ கல்லறையிலிருந்தோ நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்காவது உட்கார்ந்து ஏதாவது சாப்பிட வேண்டும். கூடவே வந்த ஆவி அங்கேயே தங்கிவிடும். மணிலாவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை; எல்லாருக்கும் தெரியும். பினிங் அக்கா கடைக்கு அடுத்த கட்டடம் சவப்பெட்டிக் கடை. நான் திவிசோரியா சந்தையில் துணி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன்; கடைக்கு எந்த மூலை நல்ல மூலை என்று பார்த்தாலே சொல்லிவிடுவேன்.

ஒரு மதியம் பூண்டு வறுவலைக் கஞ்சியில் தூவிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்: “எல்லாரும் விட்டுட்டுப் போற செத்தவங்க இங்கதானே இருப்பாங்க?”

“இருந்தா இருக்கட்டும்,” என்றார் பினிங் அக்கா. “உன்னை மாதிரி முட்டைக்கு விலை பேச மாட்டாங்க.”

கடையே சிரித்தது. மூலை மேசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு எதிரே காலி நாற்காலி. அந்த நாற்காலியின் பக்கம் ஒரு சின்னத் தட்டில், உரித்த முட்டை ஒன்று.

இந்தக் கதை அந்த முட்டையிலிருந்து வந்தது.

2

முதல் தொடக்கம்: “அன்று மணிலாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்தபடி ரொசெந்தா…”

[வேண்டாம். மழையைக் காட்டி விற்கிற சோகம் முதல் சலவையில் சாயம் போய்விடும்.]

இரண்டாவது: “ரொசெந்தாவின் மகன் மேல் லாரி ஒன்று…”

[பொய். கொசு. டெங்குக் காய்ச்சல். இருபது வயதுப் பையனைக் கொல்லக் கொசு போதும், கதைக்குப் போதாது என்று நினைத்து லாரியை வரவழைத்தேன். திருப்பி அனுப்பிவிட்டேன்.]

மூன்றாவதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். பள்ளிச் சீருடை தைக்கிற ரொசெந்தா அக்கா, ஒரே மகனைப் புதைத்த பிற்பகல், என்ன நடக்கிறது என்று தெரியாமல் பினிங் அக்கா கடையில் உட்கார்ந்து கஞ்சி சாப்பிட்டார். சவ ஊர்தி ஓட்டுகிற தோமெங் வழக்கம்போல் அங்கே வண்டியை நிறுத்தி, “நேரா வீட்டுக்குப் போகக் கூடாதுக்கா, ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்று கைபிடித்து இறக்கிவிட்டிருந்தான். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. பின்னால் யாரும் வரவில்லை.

மறுநாள் மதியம் அதே மூலை மேசைக்கு வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

3

இடத்தை விற்றுவிட்டார்கள் என்று பினிங் அக்கா சொன்ன அன்று நானும் இருந்தேன்.

“மாசக் கடைசியோட கடையை மூடுறேன். மருந்துக்கடை வருதாம்.”

ரொசெந்தா அக்கா கரண்டியை வைத்தார். “அப்போ அவன் எங்க போவான்? மருந்துக்கடையில அவனுக்கு என்ன வேலை?”

“நீதான்டி கூட்டிட்டுப் போகணும். பேரைச் சொல்லிக் கூப்பிடு, வந்துடுவான்.”

ஆற்றங்கரைக்குப் போனாலும் சரி, திருவிழாவுக்குப் போனாலும் சரி, கிளம்பும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லி, “வா, வீட்டுக்குப் போகலாம்” என்று கூப்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் கிளம்புவார்கள். இல்லையென்றால் உடம்பு மட்டும் வீடு வந்து சேரும். உயிர் அங்கேயே விளையாடிக்கொண்டிருக்கும்.

“‘சின்னவனே’ன்னு கூப்பிட்டுப் பார்த்தேன்,” என்றார் ரொசெந்தா அக்கா.

“நல்லாக் கூப்பிட்டீங்க போங்க,” என்றான் தோமெங். “எத்தனை வீட்டுச் சின்னவனை நான் இங்க இறக்கியிருக்கேன் தெரியுமா? அத்தனை பேரும் எழுந்துடுவாங்க. ஜீப்னி வண்டி பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

அக்கா சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

“பேரைச் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்.”

4

இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பெற்ற மகனைப் பெயர் சொல்லி ஒருமுறைகூடக் கூப்பிடாமல் வளர்க்க முடியுமா?*

பையனுக்கு வைத்தது அப்பன் பெயர். அப்படியே அதே பெயர், பின்னால் ‘ஜூனியர்’; வீட்டில் ‘சின்னவன்’. பிள்ளை தவழ்கிற வயதில் அப்பன் அடுத்த தெருப் பெண்ணோடு கிளம்பிவிட்டான். ரொசெந்தா அக்கா கியாப்போ கோயிலுக்கு முழங்காலால் நடந்துபோய்ச் சத்தியம் செய்தார்: இந்தப் பெயரை இனி என் வாய் சொன்னால், என் பிள்ளை எனக்கு இல்லை.

இவ்வளவு பெரிய பொருளைப் பணயம் வைப்பவர்களை எங்கள் சந்தையில் உள்ளே விடமாட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, நீங்க வாக்கைக் காப்பாத்தினீங்க. சாமி காப்பாத்தலையே. அவர் பக்கம் பேரம் முறிஞ்சாச்சு. இனி உங்களைக் கட்டுப்படுத்தாது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நல்லா வியாபாரம் பேசுறே தம்பி. பிள்ளை செத்துட்டான், சரி. ஆனா இன்னும் என் பிள்ளைதானே? பேரைச் சொல்லிட்டா அதுவும் இல்லைன்னு ஆயிடுமே.”

அந்தப் பேரத்தில் நான் தோற்றேன். இந்தப் பத்தியை அதனால்தான் இங்கேயே…

(* முடியும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் செல்லப் பெயர்தான். பினிங் அக்காவின் முழுப் பெயர் எனக்குத் தெரியாது. சொந்தப் பெயர் என்பது ஞானஸ்நானத்தில் ஒருமுறை, பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, பிறகு மலர்வளைய நாடாவில் ஒருமுறை வெளியே எடுக்கிற நல்ல உடுப்பு.)

5

கடைசி நாள். பினிங் அக்கா அண்டாவின் அடியைச் சுரண்டி எல்லாருக்கும் ஊற்றினார். யாரும் விலை பேசவில்லை, நான் உட்பட.

தோமெங் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மூலை மேசைக்குப் போனான். “நான்தானே அக்கா இங்க இறக்கினேன். நானே கூப்பிடுறேன். எனக்குச் சத்தியம் கித்தியம் எதுவும் இல்லை.”

“உன் குரலுக்கு உன் வீட்டுக்குத்தான்டா வருவான்.”

“வந்தா வரட்டும். இருக்கிற அஞ்சு பிள்ளைங்களோட ஆறு.”

“உன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் விரட்டுவா.” அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். “போய்ச் சாப்பிடுடா. உன் மேல தப்பில்லை.”

தோமெங் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தான். கஞ்சியைத் தொடவில்லை.

ரொசெந்தா அக்கா எழுந்தார். எதிர் நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகில் கை வைத்தார். பினிங் அக்கா மின்விசிறியை நிறுத்தினார். எங்கள் கரண்டிகளும் நின்றன. அக்கா வாயைத் திறந்தார்.

முடிவு ஒன்று: பெயரைச் சொல்கிறார். வாசல் திரை அசைகிறது. [மின்விசிறியை நிறுத்தியாயிற்று, திரை ஏன் அசைகிறது? இந்தச் சரக்கை நானே வாங்கமாட்டேன்.]

முடிவு இரண்டு: சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு தனியாகப் போகிறார். அலமாரி மருந்துகளுக்கு நடுவில் ஒரு பையன், அம்மா எப்போது வருவாள் என்று… [இதை எழுதிய பிறகு ஒருநாள் முழுக்கச் சாப்பிட முடியவில்லை. கிழித்துவிட்டேன்.]

முடிவு மூன்று: நான் பெயரை எழுதிவிடுவது. மலர்வளைய நாடாவில் படித்திருக்கிறேன், எனக்குத் தெரியும். ஆனால் எழுதினால் நீங்கள் படிப்பீர்கள். மனதுக்குள் படித்தாலும் கூப்பிட்டதுதான். அவன் எழுந்து உங்கள் பின்னால் வந்துவிடுவான். நீங்கள் அவன் அம்மா இல்லை.

அதனால் அக்கா வாயைத் திறந்தபடி நிற்கிற இடத்திலேயே நான் நிறுத்திக்கொள்கிறேன். அவருக்காக ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்:

“                    , வா, வீட்டுக்குப் போகலாம்.”

நீங்கள் நிரப்ப வேண்டாம். அவர் நிரப்பும்வரை இங்கேயே இருங்கள், அவசரம் இல்லையென்றால்.

கஞ்சி ஒரு கிண்ணம்: கொடுத்தாயிற்று.
எதிர் நாற்காலிக்கு முட்டை ஒன்று: கொடுத்தாயிற்று.
பெயர் ஒன்று: பாக்கி.