மாமனாருக்கு ஏற்ற உயரம்

மாமனார் கண்ணை மூடிய பிறகு அவருக்காக டாய்லெட் வாங்கக் கடைக்குப் போனோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மனசுக்குள் நினைத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. நான் அப்படி வாயை அடக்குகிற ஆளும் இல்லை.

வீட்டில் இருந்தது தரையோடு பதித்த பழைய பீங்கான். குந்தி உட்கார்ந்தால் அவருக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். தினமும் காலையில், "டேய், கை கொடுடா" என்று குரல் வரும். பாதிச் சவரத்தில் முகமெல்லாம் நுரையோடு என் கணவர் ஓடிப்போய்த் தூக்கிவிடுவார். "மாத்திடலாம்ப்பா" என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓடியது.

அவர் போய்ச் சேர்ந்தார். குரல் போகவில்லை. தினமும் காலையில், அதே பாத்ரூமிலிருந்து, "டேய், கை கொடுடா." இவர் ஓடுவார். உள்ளே வாளியும் குழாயும்தான் இருக்கும். எனக்கும் அந்தக் குரல் கேட்டதால் இவரைப் பைத்தியம் என்று சொல்ல வழியில்லை. சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல் பாதி உடம்பாகிவிட்டார். பேயைவிட எனக்கு அதுதான் பயம்.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"அப்பாவுக்கு. முட்டி வலி."

"வயசு?"

"எழுபத்தெட்டு." இனி அது ஏறப்போவதில்லை.

சுவரில் மாட்டுகிற மாடலைக் காட்டினார். கீழே துடைக்க வசதியாம். "பாரம் தாங்குமா?" என்று இவர் கேட்டார். என்ன பாரம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுத்தது, மேலே ஏறிக் குந்தவும் செய்யலாம், உட்காரவும் செய்யலாம் என்கிற இரண்டுங்கெட்டான். "ஏறினா இறக்கிவிட ஒரு ஆள் வேணுமே" என்று தட்டிக் கழித்தேன். சொன்ன பிறகுதான், நானும் அவருக்காகவே பார்க்கிறேன் என்று உறைத்தது. 

கடைசியில் தரையில் நிற்கிற உயரமான ஒன்று. இவர் அதில் உட்கார்ந்து, அப்பாவைப் போலவே முனகிக்கொண்டு, பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து எழுந்து பார்த்தார். "இதுல முடியும்" என்றார்.

பிளம்பர் பழையதை உடைக்க உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"சார், பெரியவரை முதல்ல தூக்கிவிடுங்க. கை கேக்கறாரு. அப்புறம் உடைக்கறேன்."

 இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ம், உடைங்க" என்றார்.

புதுசையும் கைப்பிடியையும் பொருத்திய மறுநாள் காலை இவர் பாத்ரூம் வாசலிலேயே நின்றார். குரல் வரவில்லை. உள்ளே கைப்பிடி லேசாகக் கிறீச்சிட்டது. யாரும் தொடாமலே ஃப்ளஷ் ஓடியது. டேங்க் நிரம்பி அடங்கியதும் வீடே நிசப்தமானது.

"அப்பாடா, தானாவே எழுந்துட்டார்ங்க" என்றேன். உண்மையாகவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

இவர் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தார். சாவன்றைக்குக்கூட இப்படி அழவில்லை.

"எழுந்துட்டார். இனிமே எதுக்குடி என்னைக் கூப்பிடப்போறார்?"