சுவர் தாண்டிய பாசி

தையல்காரருக்குச் சகலையின் காரைப் பார்த்தும் பொறாமை இல்லை, மாடியைப் பார்த்தும் இல்லை. பல் டாக்டர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்கு வயிறு எரிந்ததெல்லாம் சகலை வீட்டுக் குளத்தைப் பார்த்துத்தான்.

அக்காவும் தங்கையும் வாழ்க்கைப்பட்டது அடுத்தடுத்த வீட்டில். கொல்லையில் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குளம், இந்தப்பக்கம் ஒரு குளம். இரண்டிலும் ஒரே கடையில் வாங்கிய தங்கமீன்கள். ஆனால் அந்தப்பக்கத் தண்ணீர் பளிங்கு. இந்தப்பக்கமோ நூல்பாசி, பிடுங்கப் பிடுங்க வளர்ந்து உயிரை வாங்கியது.

"டாக்டர் குளத்துல அடியில கிடக்கிற கல்லுகூடத் தெரியுது. நம்ம குளத்துல மீன் இருக்கான்னே தெரியல. இந்தப் பாசிக்குள்ள அதுங்க எங்க குஞ்சு பொரிக்கப்போகுது?" என்று மனைவி பொழுதுக்கும் புலம்பினாள்.

குஞ்சுதான் அவள் ஆசை. மூன்று வருடமாக எழுந்ததும் எழாததுமாகக் குளத்தை எட்டிப் பார்ப்பாள். முகம் தொங்கிப்போய் உள்ளே வருவாள். ஒரே ஒரு குஞ்சு பொரித்துவிட்டால் போதும், "எங்க வீட்டுக்காரர் கைராசி" என்று தங்கையிடம் அவள் பீற்றிக்கொள்வதைக் காது குளிரக் கேட்கலாம். அதற்காகவே மனிதர் வாராவாரம் பாசியோடு மல்லுக்கட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இறங்கினார். கம்பை உள்ளே விட்டுத் திருகினால், தையல் மெஷின் பாபினில் நூல் ஏறுவதுபோல் பாசி சுற்றிக்கொண்டு வரும். அந்த வித்தையில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மீன்கள் விடிந்ததிலிருந்து ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. "உங்களுக்குள்ளயும் சண்டையா? நல்லாருங்க," என்றார்.

டாக்டரின் காரில் கடைக்குக் கிளம்பிய மனைவி எட்டிப் பார்த்தாள். "டாக்டர் எவ்வளவு பதமா செய்வாரு தெரியுமா? நீங்க என்னமோ தலைமுடியப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுக்குறீங்க."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இவருக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கார் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், சொட்டச் சொட்ட ஒரு பெரிய கொத்தை உருவிச் சுவருக்கு மேலாக வீசினார். "உன் குளத்துலயும் கொஞ்சம் வளரட்டும்டா, ராசா!" தொபுக்கென்று சத்தம் கேட்டது. மீதிப் பாசியை வழக்கம்போல் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் சுவருக்கு அப்பாலிருந்து மனைவி கத்தினாள். "ஐயோ, இங்க ஓடி வாங்களேன்!"

ஆகா, பாசி பிடித்துவிட்டது என்று ஓடினார். குளம் பளிங்காகவே இருந்தது. எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். உள்ளே கண்ணிமை முடியளவில் மீன்குஞ்சுகள், துள்ளிக்கொண்டு.

"எங்கிருந்தோ ஒரு கொத்துப் பாசி வந்திருந்துச்சு சகலை," என்றார் டாக்டர். "தூக்கிப் போடலாம்னு கையில எடுத்துப் பாத்தா, பாசி முழுக்கக் கடுகைவிடச் சின்னதா முட்டை ஒட்டிக்கிட்டிருக்கு. நம்ம மீனுதான் போட்டிருக்கும்போல. அப்படியே இதுல விட்டுட்டேன்."

"டாக்டர் கைபட்டா எல்லாம் துலங்குது!" மனைவியின் கண் கலங்கியிருந்தது. "எங்க குளமும் இருக்கே!"

எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு வார்த்தையை அவரால் பொறுக்க முடியவில்லை.

"அது டாக்டர் மீனு இல்ல, என் மீனு!" என்று கத்தினார். "என் பாசி! நான்தான் இங்க தூக்கிப் போட்டேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவருக்கு உறைத்தது. ஏன் போட்டீர்கள் என்று கேட்கப்போகிறாள் என்று அவசரமாக ஒரு பொய்யைத் தேடினார்.

அவள் அதைக் கேட்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மூணு வருஷமா வாரி வாரிக் குப்பையில கொட்டினீங்களே," என்றாள் மெதுவாக. "அதுல எல்லாம்?"

டாக்டர் சத்தமில்லாமல் எழுந்து, தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.