எல்லாவற்றுக்கும் இரண்டு

மெத்தைக் கடையில் முப்பத்தாறு வருஷம் நின்றவன் நான். "இதுல ஒரு ராத்திரி படுங்க சார், காலையில ரெண்டு இன்ச் உயரமா எழுந்திருப்பீங்க" என்று சொல்லி, ஏற்கெனவே நிலைப்படியில் தலை இடிக்கிறவர்களுக்கே விற்றிருக்கிறேன். ஒருவர்கூடத் திரும்பி வந்து அளவுநாடாவை நீட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த வாய் கேட்பாரில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத்தான் என் மகள் ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி மையத்துக்கு அனுப்பிவைத்தாள்.

மனசார அனுப்பவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்ப்பவள் திடீரென்று லீவு போட்டுவிட்டாள். பேத்திக்கு அங்கே எடுக்கிற டெஸ்ட்டை அன்றைக்கு விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான்.

"வீட்டுப் பெரியவங்க யார் பதில் சொன்னாலும் போதுமாம்ப்பா. குருவி என்னென்ன செய்வான்னு கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. மெத்தைய அங்க கொண்டுபோய் விரிக்காதீங்க."

"நான் எப்பம்மா விரிச்சேன்?"

"அப்பா!"

"சரி சரி, சுருட்டி வெச்சுட்டேன்."

குருவி என் பேத்தி. ஆறு வயது, பேச்சு வரவில்லை. எங்காவது வலித்தால் சொல்லத் தெரியாமல் தன் இடது கையைக் கடித்துக்கொள்வாள். போன குளிர்காலத்தில் காதில் சீழ் வைத்துப் பதினோரு நாள் கடித்தாள். பதினோரு நாளும் நாங்கள் வயிற்றுக்கு மருந்து கொடுத்தோம். கட்டைவிரலுக்குக் கீழே தோல் இன்னும் காய்த்துப்போயிருக்கிறது.

அதற்கப்புறம்தான் மையத்து டீச்சர் நான்கு அட்டைகளை எடுத்தாள். காது, வயிறு, பல், தலை. குருவியின் காதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாள். குருவி காது அட்டையை எடுத்து நீட்டவேண்டும். வாரத்துக்கு இருபது மணிநேரம் பயிற்சி, அதில் பாதி இந்த நான்கு அட்டைக்கே போனது. கையைப் பிடித்து உதவினால் நீட்டினாள். உதவியில்லாமல் ஐந்து மாதத்தில் இரண்டே முறை. இரண்டாவது முறை டீச்சர் அழுதுவிட்டாள். நான் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது இருநூறு முறை ஆகியிருந்தது.

அன்றைக்குக் கேள்வி கேட்டவர் டீச்சர் இல்லை, வெளியிலிருந்து வந்த டெஸ்ட் மேடம். எனக்குக் கொடுத்த நாற்காலி நர்சரிப் பிள்ளைகளுடையது. என் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"நான் படிக்கிறது ஒவ்வொண்ணுக்கும், உதவியில்லாம எப்பவும் செய்வாளா, சிலசமயமா, இல்லவே இல்லையான்னு சொல்லணும் சார். எப்பவும்னா ரெண்டு, சிலசமயம்னா ஒண்ணு, இல்லன்னா பூஜ்யம்."

மார்க்! ரெண்டு என்றால் முழு மார்க்! பேத்தியை யாராவது பூஜ்யத்தில் உட்கார வைப்பார்களா?

முதல் சில கேள்விகளுக்கு யோக்கியமாகத்தான் பதில் சொன்னேன், சத்தியமாக. ஆனால் அந்த அம்மாள் முகம்! எதைச் சொன்னாலும் தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை, புருவம்கூட ஒரு நூல் நகரவில்லை. எல்லாக் கேள்வியையும் ஒரே குரலில், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி படித்தார்.

"கொஞ்சம் வெளக்கமா கேளுங்களேன் மேடம்."

"மன்னிக்கணும் சார். எழுதியிருக்கிறபடிதான் படிக்கணும். மாத்திச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்டால்தான் அளவு சரியாக வருமாம். எனக்கு அது எங்கே தெரிந்தது? கடையில் இப்படி முகம் காட்டாமல் நிற்கிற வாடிக்கையாளரைக் கண்டால் நாங்கள் என்ன செய்வோம்? இன்னும் இரண்டு சாமான் இறக்குவோம். இறக்கினேன்.

"தானாகச் சட்டை மாட்டிக்கொள்வாளா?"

"பட்டனெல்லாம் மிலிட்டரி மாதிரி போடுவா மேடம். எப்பவும்!"

"வலி இருந்தால் இடத்தைக் காட்டுவாளா?"

இரண்டு முறை நீட்டினாளே! நாளைக்கு நீட்டப்போகிறாளே! கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் தப்பா?

"எப்பவும்."

தொடர்ந்து நாலு பூஜ்யம் வந்தால் நிறுத்திவிடுவார்களாம். நான் நிறுத்த விடவேயில்லை. கேள்விகள் ஏணி மாதிரி மேலே மேலே கஷ்டமாகிக்கொண்டு போயின. பஸ் நேர அட்டவணை படிப்பாளா என்றுகூட வந்தது. "சிலசமயம்" என்று அடக்கத்தோடு சொன்னேன். மேடம் அதையும் அதே முகத்தோடு எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம், பயிற்சி நேரத்தை ஒதுக்குகிற ஆபீஸிலிருந்து என் பதில்களின் நகலோடு கடிதம் வந்தது. குழந்தை நன்கு முன்னேறியிருப்பதால் வாரம் இருபது மணிநேரம் நான்காகக் குறைக்கப்படுகிறது.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பஸ் டைம் பாப்பாளாப்பா?"

நான் அந்த நகலை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாளே டெஸ்ட் மேடத்தைத் தேடிப் போனேன்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா."

"எது சார்?"

"பேரு, வயசு தவிர எல்லாம்."

அவர் முகத்தில் முதல் முறையாக ஏதோ அசைந்தது. "அன்னிக்கு ரொம்ப உறுதியாச் சொன்னீங்களே சார். மணிநேரம் கொறஞ்சதும் நெறைய வீட்டுல இதேதான் சொல்றாங்க. எத நம்பட்டும்?"

"திரும்பக் கேளுங்க. எல்லாத்துக்கும் பூஜ்யம் சொல்றேன்."

"அதுவும் நெஜமில்லையே சார்" என்றார், கோபமில்லாமல். "ஆறு மாசத்துக்குள்ள இதே டெஸ்ட எடுக்க விடமாட்டாங்க. நீங்க சொன்னதக் குறிப்பா எழுதி அனுப்புறேன். ஆனா அவங்க பாக்கிறது மொதப் பக்கத்து நம்பரத்தான்."

டீச்சரும் அட்டைப் பயிற்சியைத் தினமும் குறித்துவந்த தன் தாள்களை அனுப்பிப் பார்த்தாள். ஐந்து மாதம், தினமும் பத்துக் கட்டம், கிட்டத்தட்ட எல்லாம் பூஜ்யம். மையத்துக்குள் எழுதியது கணக்கில் வராதாம். மிச்சப் பதினாறு மணிநேரமும் அவளை வேறு பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள். போகும்போது நான்கு அட்டையையும் ஒரு கட்டுத் தாளையும் என் கையில் கொடுத்தாள்.

"வீட்ல நீங்க செய்ங்க தாத்தா. பாத்தத மட்டும் எழுதணும். தானா எடுத்து நீட்டினா மட்டும் ஒண்ணு. இல்லன்னா பூஜ்யம்."

"எனக்குப் பழக்கமில்லாத வேலையாச்சேம்மா."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை மத்தியானம், குருவி கையைக் கடிக்க ஆரம்பித்தாள். மகளுக்குப் போன் செய்தேன். பரிசோதனைக் கூடத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. நான்கு அட்டையையும் தரையில் வரிசையாக வைத்தேன். "எங்கடா கண்ணு? காட்டு." தள்ளிவிட்டாள். பூஜ்யம். மறுபடி வைத்தேன். தள்ளிவிட்டாள். பூஜ்யம். காதைத் தொட்டேன், அலறினாள். வயிற்றைத் தொட்டேன், அதே அலறல்.

ஆறாவது தடவை ஓர் அட்டையை எடுத்தாள். காது! எடுத்தவள் அதை வாயில் வைத்துக் கடித்தாள். பல் பதிந்தது. பிறகு கீழே போட்டுவிட்டுக் கைக்கே திரும்பிப் போனாள்.

காதைத்தான் சொல்கிறாளா? கடித்ததால் பல்லா? கைக்குக் கிடைத்த எதையோ கடித்தாளா? பென்சில் கட்டத்துக்கு மேலே நின்றது. ஒன்று என்று போட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை. பூஜ்யம் போட்டேன்.

ஆறு மணிக்கு மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளை வாங்கிப் பார்த்தாள். நாற்பது கட்டம், நாற்பது பூஜ்யம். கீழே "காது அட்டையைக் கடித்தாள்" என்று எழுதியிருந்தேன்.

"இதுவாவது நெஜமாப்பா?"

"நெஜம்மா. சத்தியமா."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பல் பதிந்த அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றாள்.

நான் குருவியின் கைக்கும் வாய்க்கும் நடுவே என் கையை வைத்திருந்தேன்.