ஆளில்லாத முதல் வண்டி

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. குளிரில் இறுகிப்போன பேருந்துக் கதவைக் கண்டக்டரக்கா தோளால் முட்டித் திறந்தாள். டீசல் புகை தொண்டையைக் கரித்தது. ஈரத்துணியால் இருக்கைகளைத் துடைத்து முடிப்பதற்குள் விரல்கள் மரத்துப்போயின.

முதல் வண்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஆஸ்பத்திரி வார்டு கழுவுகிறவர்கள், பெரிய கட்டடங்களைக் கூட்டுகிறவர்கள். நேரம் தவறினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் மாதப் பாஸ் வைத்திருந்தார்கள். கதவருகே புதிதாக முளைத்த மெஷினோ, ஏறுகிறவர்களைக் கணக்கெடுக்க, செல்போனைக் காட்டச் சொன்னது.

"இதுகிட்ட காட்டிக்கிட்டு நின்னா விடிஞ்சுரும். ஏறுங்கடி!" என்று அக்கா அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்வாள்.

மெஷின் 'மகராசன்' கம்பெனியுடையது. செல்போன் செயலி விற்றே உலகப் பணக்காரனான ஆளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. அவனை யாரும் நேரில் கண்டதில்லை, திரையில் சிரிப்பான். அதிவேக ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது, "ரயில் எதற்கு? பூமிக்கடியில் குழாய் போட்டு டிரைவரில்லாத கார் விடுகிறேன்" என்றான். மந்திரிகள் வாயைப் பிளந்தார்கள். ரயில் வேலை நின்றது, குழாயும் வரவில்லை. தூணுக்குக் கம்பி கட்டிய அக்காவின் புருஷன் வீட்டில் முடங்கினான். இப்போது மகராசன் பேருந்துகளை நடத்த வந்திருக்கிறான்.

அன்று டிப்போவுக்குத் திரும்பியதும் கம்பெனி மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து முதல் வண்டி கிடையாது. ஆளே ஏறல."

"நிக்கக்கூட இடமில்லாம வருது சார்!"

"மெஷின் அப்படிச் சொல்லலையே. வெறும் வண்டிதான் ஓடியிருக்கு."

"நான்தான் சார் காட்டாம ஏறச் சொன்னேன். எல்லார்கிட்டயும் பாஸ் இருக்கு."

"அப்ப கண்டக்டர் எதுக்கு?" என்று சிரித்தார் மேனேஜர்.

சாயங்கால வண்டியில் அந்தப் பெண்களிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டியது.

"நல்லது பண்றேன்னு எங்க தலையில மண்ணைப் போட்டுட்டியே!" என்றாள் ஒருத்தி. "இனி நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள வேலையில வேற ஆள வச்சிருவான்."

வார்டு கழுவும் பெண் ஒருத்தி எழுந்தாள். பட்டாசு என்று அவளுக்குப் பெயர்.

"அவளை ஏண்டி கடிக்கிறே? ரயில் தூண் வேலைய நிறுத்தினப்ப எந்த மெஷினப் பாத்து நிறுத்தினான்? நாம தினம் காட்டியிருந்தாலும் வேற சாக்கு சொல்லியிருப்பான். ஆட்டுக்குட்டி தண்ணியக் கலக்குச்சுன்னு ஓநாய் சாக்கு சொன்ன கதைதான்."

வண்டி குலுங்கிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவர் அண்ணன் திரும்பாமலே கேட்டார்: "காலையில டிப்போவுக்கு வருவீங்களா?"

"நீங்க வண்டியை எடுக்காம இருப்பீங்களா?" என்றாள் பட்டாசு.

விடியுமுன்னே இருட்டோடு இருட்டாகப் பெண்கள் நடந்து வந்தார்கள். டிப்போ வாசலை அடைத்து, வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். அக்கா நடுவில் இருந்தாள்.

"எடுங்கய்யா வண்டியை!" மேனேஜர் டிரைவர்களைப் பார்த்துக் கத்தினார். "டிரைவரே இல்லாத வண்டி வரப்போகுது. அப்ப உங்களை நாய்கூடச் சீண்டாது!"

டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்தார். பக்கத்து வண்டியும் அணைந்தது. பிறகு அதற்கடுத்தது. டிப்போ இப்படி அமைதியாகி அக்கா பார்த்ததேயில்லை. அந்த அமைதி பயமாக இருந்தது. மேனேஜர் செல்போனில் யாரிடமோ குசுகுசுத்தார். சற்று நேரத்தில் சாலைக் கோடியில் போலீஸ் வண்டியின் விளக்கு சுழன்றது.

அந்த வெளிச்சத்துக்கு முன்னால், சாலை முழுக்க நிழல்கள் நடந்து வந்தன. ரயில் தூணுக்குக் கம்பி கட்டியவர்கள், காங்கிரீட் கொட்டியவர்கள். முன்னால் வந்தவன் அவள் புருஷன். ரயில் வேலை நின்றதிலிருந்து தெருவில் தலைகாட்டாதவன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓடும் வண்டியில் கொடுக்கும் அதே குரலில் கத்தினாள்:

"உள்ள தள்ளி உக்காருங்க! ஆளு வருது, இடம் விடுங்க!"