பூமி மிதித்த டிரம்

கடலம்மை மாட்சு மீது ஆணை: கீழே உள்ளதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் ஹுவாலியனுக்கு வந்து அம்மன் கோயில் பூசாரியிடமே கேட்டுக்கொள்ளலாம். அவருக்குக் காது கேட்காது, ஆனால் நேர்மையானவர்.

அம்மன் பிறந்தநாளன்று பிற்பகல், கோயில் முற்றத்து மேடையில் டிங்வெய் தன் டிரம்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு கால்களுக்கும் அப்படியொரு வேகம். அவன் மிதிக்கிற மிதியில் பெரிய டிரம்மின் ஓசை கூழாகிவிடும். அதனால் டிரம்மின் விளிம்பில் ட்ரிகர் என்ற சின்னக் கவ்வியை மாட்டியிருந்தான். தோல் அதிர்ந்தால் கவ்வி ஒரு மின்பெட்டிக்குச் சொல்லும். பெட்டி ஒலிபெருக்கியில் இடியை இறக்கும். சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நாளாகப் பெட்டி அவன் மிதிக்காதபோதும் இடித்தது.

கிட்டார்காரன் ஹொங் மேடை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டான்.

"இன்னிக்கு ஒரே ஒரு தப்படி விழட்டும், டிங்வெய். நாளைலேர்ந்து நம்ம டிரம்மர் இதுதான். சோறு கேக்காது."

"வேர்க்குமாடா அதுக்கு?"

"நாறவும் நாறாது."

டிங்வெய் பெட்டியின் திருகைத் தொட்டான். எந்த அளவுக்குக் கீழுள்ள அதிர்வைச் சட்டை செய்யக் கூடாது என்பதைச் சொல்லும் எல்லை அது. எல்லையை இறக்கினான், டிரம்மில் ஈ உட்கார்ந்தது, இடித்தது. ஈ எழுந்து பறந்தது, மறுபடி இடித்தது. ஏற்றினான், முழு பலத்தோடு மிதித்தும் பெட்டி ஊமையாக இருந்தது. நடுவில் வைத்தான்; தெருக்கோடியில் ஒருவர் வெற்றிலைப் பாக்கைத் துப்ப, அதற்கும் இடித்தது.

ஒலி பார்க்கும் லியாவ் அக்கா வந்தாள். திருகைப் பார்க்கவில்லை. பெட்டியின் தலையில் இருந்த நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"மஞ்சளையா வச்சிருக்க?"

"கடையில பச்சை தீர்ந்துபோச்சுக்கா."

"கூறுகெட்டவனே! மிஷின் ஒழுங்கா நடக்கப் பச்சைதான் வைக்கணும்னு ஊரே சொல்லுமே. மஞ்சள் கல்லாப்பெட்டிக்குடா. அதான் பெட்டி ஒண்ணைப் பத்தாக்குது!"

தன் பையிலிருந்து பச்சைப் பொட்டலத்தை எடுத்து, காலாவதித் தேதியைச் சரிபார்த்து வைத்தாள். பிறகுதான் திருகில் கை வைத்தாள். எல்லையை ஒரு மயிரிழை ஏற்றினாள். ஓர் அடி விழுந்ததும் பெட்டி கண்ணிமைக்கும் நேரம் செவிடாக இருக்கும்படி செய்தாள். பக்கத்து டிரம்மின் அதிர்வுக்கு ஏமாறாதபடி இன்னொரு திருகையும் திருப்பினாள். ஈ வந்து உட்கார்ந்தது. நடந்து பார்த்தது. சத்தமில்லை.

"இனி இது பொய் சொல்லாது," என்றாள்.

பாட்டுத் தொடங்கியது. ஒவ்வொரு மிதிக்கும் ஓர் இடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவில் எல்லோரும் சட்டென்று நிறுத்தி மௌனம் காக்கும் இடம் வந்தது.

டம்.

ஹொங்கின் முகம் மலர்ந்தது. "விழுந்துச்சு! போச்சு உன் வேலை!"

டிங்வெய் இரு கால்களையும் அந்தரத்தில் தூக்கிக் காட்டினான். "சத்தியமா நான் மிதிக்கலடா!"

"நீ மிதிக்கலன்னா வேற யாரோ மிதிச்சிருக்காங்க," என்றாள் லியாவ் அக்கா. அடுத்த நொடி மைக்கில் கத்தினாள்: "நிலநடுக்கம் வருது! தோரணத்துக்குக் கீழ நிக்காதீங்க!"

கூட்டம் விலகியது. அதற்குப் பிறகுதான் தரை குலுங்கியது. விளக்குத் தோரணம் சாய்ந்து விழுந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. லேப்டாப் மட்டும் தட்டையாகிவிட்டது.

பூமி விடாமல் டம், டம் என்று மிதித்துக்கொண்டிருந்தது. தாளம் சுத்தமாக இருந்ததால் டிங்வெய் வலது காலைப் பூமிக்கு விட்டுக்கொடுத்து, இடது காலை மட்டும் சேர்த்துப் பாட்டைத் தூக்கினான். பூமியும் சளைக்கவில்லை, கடைசி அடியில் இருவரும் ஒன்றாக வந்து நின்றார்கள். கூட்டத்தின் ஆரவாரம் கேட்டுப் பூசாரியே திரும்பிப் பார்த்தார்.

ஹொங் கிட்டாரைக் கழற்றிவிட்டு வந்து குனிந்தான். "அண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்கு ஒத்திகை?"

"பூமியையும் கேட்டுச் சொல்றேன்," என்றான் டிங்வெய்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அன்று காலையிலிருந்து மறுநாள் மதியம்வரை ஹுவாலியன் முழுக்க மின்சாரமே இல்லை.